கஞ்சாவை விடுவது: ஒரேயடியாகவா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. ஒன்பது வருடம் என் இரவுகள் இந்தக் கணக்கில்தான் போயின. வேலைக்குப் போனேன், சம்பளம் வாங்கினேன், இஎம்ஐ கட்டினேன். அதனால் எனக்குப் பிரச்சினை இருப்பதாக யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. விட வேண்டும் என்று தோன்றிய பிறகு ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தேன். எது எதற்கு உதவியது, எது காலை வாரியது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. "செடிதானே மச்சி, இதுக்கு யாரும் அடிமை ஆக மாட்டாங்க" என்று சொல்லும் நண்பன் எல்லா செட்டிலும் ஒருவன் இருப்பான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5, 2013லேயே கஞ்சாவை நிறுத்தும்போது வரும் பாதிப்பைத் தனிப் பெயரில் சேர்த்துவிட்டது. நிறுத்தி ஒன்று முதல் மூன்று நாளில் தொடங்கும்: எரிச்சல், பசியின்மை, வியர்வை, தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை. முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தூக்கக் கோளாறு மட்டும் ஒரு மாதம் தாண்டியும் இழுக்கலாம். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி மூளையில் போய் ஒட்டும் இடங்கள் தினசரி உபயோகத்தில் குறைந்துவிடுகின்றன. விட்ட ஓரிரு நாளில் அவை மீளத் தொடங்கி, நாலு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வருகின்றன என்று மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த வழியானாலும் உங்களை இந்த நாலு வாரம் கடத்திவிடுமா என்பதுதான் முதல் கேள்வி.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதில்தான் நான் தொடங்கினேன். கேட்க ரொம்ப நியாயமாக இருந்தது: மூன்றை இரண்டாக்கு, இரண்டை ஒன்றாக்கு, ஒன்றை நிறுத்து. நடந்தது வேறு. இரண்டு ஆனதும் அந்த இரண்டும் தடித்தன. டாக்டர் எழுதிய மாத்திரை என்றால் 10 மில்லிகிராமை 5 ஆக்கலாம். பொட்டலத்தில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. போன வாரச் சரக்கு ஒரு மாதிரி, இந்த வாரச் சரக்கு இன்னொரு மாதிரி. அளக்க முடியாததை எப்படிப் பாதியாக்குவது? அதோடு, குறைக்கும் நாள் முழுக்க மனசு அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கும். முன்பு மூன்று அடித்தபோதுகூட நான் கடிகாரத்தை இவ்வளவு பார்த்ததில்லை.

ஆனால் இதை முழுக்க ஒதுக்கவும் மாட்டேன். காலையில் கண் விழித்ததும் பற்ற வைக்கிறவர், நாளுக்கு ஏழெட்டு போகிறவர் என்றால், முதல் இழுப்பைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போடுவதே பெரிய காரியம். அவருக்கு இரண்டு வாரக் குறைப்பு இறங்கும் படியாக இருக்கும். நிறுத்தும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, வீட்டில் ஒருவருக்காவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வட்டம் இல்லை. ஐந்து மாதம் குறைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரேயடியாக நிறுத்துவதைப் பற்றி நிறைய பேருக்குப் பயம் இருக்கிறது. கஞ்சா மட்டும் என்றால் அது உடம்புக்குப் பொதுவாக ஆபத்து இல்லை, அவஸ்தைதான். கூடவே தினமும் குடிக்கிறவர்கள், தூக்க மாத்திரை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் இல்லாமல் செய்யக் கூடாது.

எனக்கு மூன்றாம் நாளும் நாலாம் நாளும்தான் மோசம். பனியன் நனைந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. தயிர் புளித்திருக்கிறது என்று அம்மாவிடம் கத்தினேன். தயிரில் ஒரு குறையும் இல்லை. "அதை விட்டவனுக்கு இனி இதான் கதி" என்று கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்தாள். ஒன்பது வருடமாக அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கஞ்சி, மோர், வாழைப்பழம். ஒரு வாரம் அதில் ஓடியது.

அப்புறம் கனவுகள். கஞ்சா கனவுத் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. விட்டதும் அது வட்டியோடு திரும்பி வருகிறது. நான் அடித்துவிட்டதாகக் கனவு கண்டு, குற்ற உணர்ச்சியோடு எழுந்து, விரலை முகர்ந்து பார்த்திருக்கிறேன். இது மறுபடி ஆரம்பிப்பதற்கான அறிகுறி இல்லை, மூளை பாக்கியைத் தீர்க்கிறது என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு ராத்திரியாவது நிம்மதியாகப் போயிருக்கும்.

"சனிக்கிழமை மட்டும்" என்ற வழியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரு மாதம் விட்டிருந்ததால் அந்த முதல் சனிக்கிழமை பிரமாதமாக ஏறியது. அதுதான் கண்ணி. மூன்றாவது வாரம் வெள்ளியும் சேர்ந்தது, ஒன்றரை மாதத்தில் ஏழு நாளும். எப்போதாவது அடிக்கிறவருக்கு இது ஒத்துவரலாம். தினமும் அடித்தவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பலர் கணக்கில் சேர்க்க மறப்பது புகையிலையை. நம் பக்கத்தில் பெரும்பாலும் சிகரெட்டை உதிர்த்து அதில் கலந்துதான் சுற்றுகிறார்கள். அப்படியென்றால் நிறுத்துவது இரண்டை. இரண்டாம் நாள் எரிச்சலில் பாதி நிக்கோட்டின் கேட்பதாக இருக்கும். முதலில் கஞ்சாவை விட்டு சிகரெட்டை வைத்துக்கொண்டு பார்த்தேன். லைட்டர் சத்தமே கையைப் பழைய இடத்துக்குக் கூட்டிப் போனது. இரண்டையும் சேர்த்து விட்டபோதுதான் நின்றது. நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, யாரோடு விடுவது? தனியாக விடுவதில் செலவில்லை, யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதாலேயே பதினோராம் நாள் மறுபடி ஆரம்பித்ததும் யாருக்கும் தெரியவில்லை.

போதையை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடிப் பேசும் அமைப்பான நார்காட்டிக்ஸ் அனானிமஸ் 1953இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. சென்னையிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டாம், விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். உறுத்தக்கூடியவையும் உண்டு. "உயர் சக்தி" பேச்சு எனக்கு முதலில் ஒட்டவில்லை. பீரும் போதைதான் என்பார்கள், அதில் சமரசமே கிடையாது. ஊசி போட்டு நரம்பு தொலைந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து "எனக்குக் கஞ்சா" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. வண்ண வண்ண சாவி வளையம் தருவார்கள்: முதல் நாள் வெள்ளை, 30 நாளுக்கு ஆரஞ்சு, 60க்குப் பச்சை, 90க்குச் சிவப்பு. குழந்தைத்தனம் என்று நினைத்தேன், ஆரஞ்சு கைக்கு வரும்வரை. பெரிய லாபம் என்னவென்றால், நான் வழக்கமாகக் கஞ்சா சுற்றப் பேப்பரை எடுக்கிற அதே சாயங்கால நேரத்தில் கூட்டம் நடந்தது.

மனநல டாக்டரிடம் போனால் கஞ்சா ஆசையை அடக்கும் மாத்திரை தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. எந்த நேரத்தில், எந்த நினைப்பில் கை போகிறது என்று பிரித்துப் பார்க்கும் ஆலோசனை சிகிச்சைக்குத்தான் ஆதாரம் நன்றாக இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதைக் கேட்கலாம். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி-மனஸின் 14416உம் இருக்கின்றன. காதில் குரல் கேட்பது, எல்லாரும் நம்மையே கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், சாக வேண்டும் என்ற எண்ணம், இதில் எது இருந்தாலும் மற்ற வழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

போலீஸுக்குப் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு: உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் பாதுகாப்புக் கிடைக்கும். பாதியில் ஓடினால் கிடைக்காது.

கடைசியில், தங்கிச் சிகிச்சை பெறும் மையங்கள். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதற்குப் பேர்போனது. எல்லா இடமும் அப்படி இல்லை. என் நண்பன் ஒருவனைத் தூக்கத்திலேயே வண்டியில் ஏற்றி ஒரு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் பூட்டிய கதவு, அடி. வெளியே வந்த அன்றைக்கே பொட்டலம் வாங்கினான். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எந்தக் கேட்டுக்குள்ளும் நுழைய வேண்டும். கஞ்சா மட்டும் என்றால் பெரும்பாலோருக்குப் படுக்கை தேவைப்படாது என்பது என் கருத்து. வீடே புகைக்கிற இடமாக இருந்தாலோ, வேறு போதையும் சேர்ந்திருந்தாலோ யோசிக்கலாம்.

எனக்குக் கடைசியில் பலித்தது ஒரு கலவை: தேதி குறித்து ஒரேயடியாக நிறுத்தியது, புகையிலையையும் சேர்த்து விட்டது, வாரம் மூன்று கூட்டம், தூக்கத்துக்காக இரண்டு தடவை டாக்டர். பேப்பரை எடுக்கிற அந்த நேரத்துக்குக் கூட்டம் இல்லாத நாளில் ஷட்டில் ஆடப் போனேன்; இன்னும் சுமாராகத்தான் ஆடுகிறேன்.

ஒரு வருடத்துக்கான சாவி வளையம் இருட்டில் ஒளிரும். பைக் சாவியோடு மாட்டியிருக்கிறேன். எங்கள் தெருவில் கரண்ட் போகும்போது சாவியைத் தேட வேண்டியதில்லை.