மறுநாளே ‘ரெடி’ என்று ட்யூபுலர் சக்கரம் வந்தால் அதில் ஏறாதீர்கள்

பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் சைக்ளோகிராஸ் (சேறு, மணல், புல்மேடு வழியாக ஓட்டும் சைக்கிள் பந்தயம், சுருக்கமாக கிராஸ்) ஓட்டும் நம் ஆட்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். ட்யூபுலர் டயரைச் சக்கரத்தில் ஒட்டக் கொடுத்த இடத்தில் என்னை ஏமாற்றியதில் காறை எலும்பு உடைந்து, இந்த சீசனே போய்விட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கடையில் கொடுத்தாலும் எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நான் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இங்கே குளிர்காலத்து ஞாயிறு மதியம் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவியில் கிராஸ்தான். ஒரு நவம்பர் 1 அன்று கூட வேலை பார்ப்பவர்கள் கொப்பென்பெர்க் மேட்டில் நடக்கும் பந்தயத்துக்கு அழைத்துப் போனார்கள். நனைந்த புல்மேட்டில், முழங்கால்வரை சேறு பூசிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் போட்டு ஓடுகிறவர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். மூச்சு வாங்குவது காதில் கேட்டது. அடுத்த வருடமே பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, ஊர்ப் பந்தயங்களில் இறங்கிவிட்டேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு நாற்பது நிமிடப் பந்தயம். சுமார் 3 கிலோமீட்டர் சுற்று, அதில் மணல், படிக்கட்டு, இறங்கித் தாண்டவேண்டிய பலகைகள். செவ்வாய் மாலை வேலை முடிந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ப்ளார்மேர்சன் ஏரிக்கரையில் பயிற்சி. ஓடிக்கொண்டே ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. வியாழக்கிழமை வீட்டுக்குள், நின்ற இடத்திலேயே ஓட்டும் ரோலரில். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு நாற்பது நிமிடம் என்றால் சைக்கிள் கழுவ ஒரு மணி நேரம். செயினிலும் பிரேக்கிலும் ஒட்டிய மண்ணை அன்றே எடுக்காவிட்டால் மறுநாள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும்.

ட்யூபுலர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: டயருக்குள்ளேயே ட்யூபை வைத்துச் சுற்றித் தைத்திருப்பார்கள். ரிம்மில் கவ்விப் பிடிக்கும் விளிம்பு கிடையாது. பசைதான் பிடித்துக்கொள்ளும். சாலைப் பந்தயத்தில் 7, 8 பார் (காற்றழுத்த அளவு) காற்று இருப்பதால் டயர் தானே இறுகி ரிம்மை நெரித்துக்கொள்ளும், பசை கொஞ்சம் சுமாராக இருந்தாலும் தாங்கும். கிராஸில் நாம் வைப்பது 1.5 பார் அளவுதான். அந்தக் காற்றில் டயர் எதையும் நெரிக்காது. சேற்றுச் சரிவில் குறுக்காகப் போகும்போது மொத்த எடையும் டயரை ரிம்மிலிருந்து பிடுங்கிப் புரட்டப் பார்க்கும். அதைத் தடுப்பது பசை ஒன்றுதான்.

இப்போது பலர் ட்யூப்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல கார்பன் ட்யூபுலர் சக்கரங்கள் இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கின்றன. நானும் ஒரு ஜோடி வாங்கி, கையால் தைத்த 33 மில்லிமீட்டர் பருத்தி டயர் இரண்டும் வாங்கினேன். டயருக்கு மட்டும் 190 யூரோ. ஒட்டத் தெரியாத வேலையை நானே செய்து கெடுக்கவேண்டாம் என்று, கிராஸுக்கு ஒட்டுவதில் பெயர்பெற்றவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு கடையில் புதன்கிழமை மாலை கொடுத்தேன். “பழைய பசையை எடுக்கணும், மூணு கோட் பசை அடிக்கணும், நடுவுல டேப் வைக்கணும். அடுத்த வாரம் வாங்க” என்றார் கடைக்காரர். 130 யூரோ, பில் வேண்டாமென்றால் 110, ரொக்கமாக. இருபது யூரோவுக்கு ஆசைப்பட்டுச் சரி என்றேன். அதன் விலை பின்னால்தான் தெரிந்தது.

வியாழன் மதியமே ‘சக்கரம் ரெடி’ என்று செய்தி வந்தது. ஞாயிறு பந்தயத்துக்கு ஆகும் என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய் வாங்கிவந்தேன். மூன்று கோட் எப்போது காய்ந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது சுற்று. இடப்பக்கம் சரிந்த புல்மேட்டில் குறுக்கே போய்ச் சட்டென்று வலப்பக்கம் திரும்பவேண்டிய இடம். பின்சக்கரம் வழுக்குகிறது என்றுதான் நினைத்தேன். வழுக்கவில்லை, டயர் ரிம்மை விட்டுக் கழன்று ஃப்ரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டது. சக்கரம் அப்படியே நின்றது, நான் தோள் அடிபடக் கீழே விழுந்தேன். மாற்று சைக்கிளோடு நின்றிருந்த லூவன் நகரத்துத் தம்பி, ஆராய்ச்சி மாணவன், கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடிவந்தான். “அண்ணா, எந்திரிக்காதீங்க, கையை அசைக்காதீங்க” என்று அவன் சொன்னபோதுதான் வலியே தெரிந்தது.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று இரவு அந்தச் சக்கரத்தை அவன் சாப்பாட்டு மேசையில் வைத்தான். நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தேன். ரிம்மில் ஒட்டவேண்டிய டயரின் அடித்துணி பெரும்பாலும் கடையில் வாங்கியபோது இருந்த அதே வெள்ளை. நடுவில் மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. டேப் இல்லவே இல்லை. ரிம்மில் முந்தைய சொந்தக்காரர் காலத்துப் பசை பொருக்குப் பொருக்காக, அதன்மேல் மணல். நகத்தால் சுரண்டினால் செதில்செதிலாக உதிர்ந்தது.

அந்த நடுக்கோடுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த ரிம்களின் பள்ளம் ஒல்லியான சாலை டயருக்கென்று வளைக்கப்பட்டது. அகலமான கிராஸ் டயர் அதில் உட்கார்ந்தால் ஓரங்களில்தான் தொடும், நடுவில் இடைவெளி விழும். அதை அடைக்கத்தான் டேப். இவர்கள் டயர் தொடாத நடுவில் பசை தடவி, தொடுகிற ஓரத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். திறந்த ஓரம் வழியாகத் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. ‘நான்தான் திருப்பத்தில் தப்பு செய்தேனோ’ என்று ஆஸ்பத்திரியில் படுத்து யோசித்துக்கொண்டிருந்தேன். முன்சக்கரத்தையும் எடுத்துவந்து தம்பி கட்டைவிரலால் நெம்பினான். பழத்தோல் மாதிரி உரிந்து வந்தது. சேற்றுச் சரிவில் முன்டயர் கழன்றிருந்தால் முகத்தில்தான் விழுந்திருப்பேன்.

எங்கள் சங்கத்தில் பல வருடமாக டயர் ஒட்டும் ஒரு பெரியவர் வந்து பார்த்தார். “ஒரு வாரத்து வேலை. ஒரு மணி நேரத்துல முடிச்சிருக்கான்” என்றார். அந்த ஒரு வாரத்தில் என்ன நடக்கவேண்டும் என்று அவரே சொன்னார். புது டயரைப் பசையில்லாமல் ரிம்மில் மாட்டி, காற்றடித்து ஒருநாள் இழுபட விடவேண்டும். ரிம்மைப் பழைய பசை போகச் சுத்தம் செய்யவேண்டும். ரிம்மிலும் அடித்துணியிலும் ஓரம்வரை மெல்லியதாக ஒரு கோட் பசை பூசி, மறுநாள்வரை காயவிட்டு, அடுத்த கோட். இப்படி இரண்டு மூன்று தடவை. நடுவில் டேப். கடைசிக் கோட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே டயரை ஏற்றி, நேராக்கி, நன்றாகக் காற்றடித்து, குறைந்தது ஒருநாள் தொடாமல் வைக்கவேண்டும். ஒழுங்காக ஒட்டிய டயரைக் கழற்ற அவருக்கே நெம்புகோல் வேண்டுமாம்.

கடைக்குப் போனேன். முதலில் “காத்து கம்மியா வச்சிருப்பீங்க” என்றார். 68 கிலோ எடைக்கு 1.5 பார் வைத்தேன் என்றேன். கிராஸ் டயரை அதற்குத்தானே வாங்குகிறோம்? படத்தைக் காட்டியதும், “பந்தயம்னா ஆபத்து உங்களோடதுதான்” என்றார். கடைசியில் மறுபடி இலவசமாக ஒட்டித் தருவதாகச் சொன்னார். அந்தக் கையில் இன்னொரு சக்கரம் கொடுக்க எனக்குத் துணிவில்லை. பணத்தைக் கேட்டபோது, “பில் இருக்கா?” என்றார். அதைக் கேட்டபோது முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

ஒட்டிய சக்கரம் கைக்கு வந்ததும் காற்றை முழுக்க இறக்குங்கள். இரண்டு கட்டைவிரலாலும் டயரைப் பக்கவாட்டில் அழுத்தி, ஒரு சாண் இடைவெளி விட்டுச் சுற்றிலும் தள்ளிப் பாருங்கள். ஓரம் தூக்கித் துணி தெரிந்தால், அது ஒரே ஓர் இடமாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். ஓரம் நெடுக மெல்லிய பசைக்கோடு தெரியவேண்டும். வால்வு இருக்கும் இடத்தையும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் பிரஷர் தண்ணீரில் கழுவக் கழுவ நல்ல பசையும் விடத் தொடங்கும். எத்தனை கோட், டேப் உண்டா என்பதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்கிற கடையில் கொடுக்காதீர்கள்.

பெல்ஜியத்தில் நுகர்வோர் குறைகளைக் கேட்க இலவச மத்தியஸ்த சேவை இருக்கிறது. முதலில் கடைக்கு நாமே புகார் சொல்லியிருக்கவேண்டும். பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். பில் இல்லாததால் என்னிடம் இருக்கும் சாட்சி, ‘சக்கரம் ரெடி’ என்ற அந்த வியாழக்கிழமைச் செய்தியும், மேசையில் எடுத்த படங்களும், பெரியவர் எழுதிக்கொடுத்த ஒரு பக்கக் குறிப்பும்தான். இரண்டு டயரையும் கழுவாமல், அதே சேற்றோடு பையில் கட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கடையில் இந்த இலையுதிர்காலத்தில் யாராவது ட்யூபுலர் ஒட்டக் கொடுத்திருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், கடை எது என்று சொல்கிறேன். ஞாயிறு பந்தயத்துக்கு முன்னால், இன்று இரவே அனுப்புங்கள்.