கையொப்பமிட்ட கலைக்களஞ்சியம்: ‘தி என்சைக்ளோபீடியா ஆஃப் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ இணையப் பதிப்பு

அறிவியல் புனைகதையின் வரலாற்றை எழுத முனைபவர்கள் பெரும்பாலும் அதை எழுத்தாளர்களின் வரிசையாகவே எழுதிவிடுகிறார்கள். மேரி ஷெல்லியில் தொடங்கி, ஜூல் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் வழியாக அசிமோவ், கிளார்க் என நகர்ந்து, உர்சுலா லெ குவினிடம் வந்து சேரும் அந்த வரிசையில் பிழை ஏதுமில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்த கதைகளில் பல முதலில் எந்த இதழில் வெளியாயின, எந்த இதழாசிரியரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப வளைந்தன, சொல் ஒன்றுக்கு எவ்வளவு கூலி பெற்றன என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இருப்பதில்லை. இணையத்தில் எவரும் கட்டணமின்றி, கணக்குத் தொடங்காமலே படிக்கக்கூடிய ‘தி என்சைக்ளோபீடியா ஆஃப் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ இந்தக் கேள்விகளை நடுவில் வைத்தே கட்டப்பட்டிருக்கிறது. படிக்க எளிதான நூலன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இருந்தும் இத்துறையில் இதற்கு நிகராக வேறொன்றை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

இதன் முதல் பதிப்பு 1979இல் அச்சில் வந்தது. ஆஸ்திரேலியரான பீட்டர் நிக்கல்ஸ் முதன்மைப் பதிப்பாசிரியராகவும், கனடாவில் பிறந்து லண்டனில் வாழும் விமர்சகர் ஜான் க்ளூட் அவருக்குத் துணையாகவும் இருந்தனர். 1993இல் ஏறத்தாழ 13 லட்சம் சொற்களுடன் இரண்டாம் பதிப்பும், இரண்டாண்டுகளுக்குப் பின் அதன் குறுந்தகடும் வெளியாயின. 2011இல் மூன்றாம் பதிப்பு அச்சைக் கைவிட்டு இணையத்துக்கு வந்தபோது டேவிட் லாங்ஃபோர்டும் கிரஹாம் ஸ்லெய்ட்டும் பதிப்பாசிரியர் குழுவில் சேர்ந்திருந்தனர். தொடக்கத்தில் கொலான்ஸ் பதிப்பகத்தின் ஆதரவில் இயங்கிய தளம், 2021 முதல் நான்காம் பதிப்பு என்ற பெயரில் தனித்து இயங்குகிறது. முதல் மூன்று பதிப்புகளுமே அறிவியல் புனைகதைத் துறையின் ஹ்யூகோ விருது பெற்றவை. நிக்கல்ஸ் 2018இல் மறைந்தார். கட்டுரைகள் பலவற்றின் அடியில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இன்னும் இருக்கின்றன.

இதழ்கள் குறித்த கட்டுரைகளே இக்களஞ்சியத்தின் உயிர்ப்பகுதி என்பது என் எண்ணம். மேலோட்டமாகப் பார்த்தால் அவை கணக்கேடு போலத் தோன்றும்: வெளியீட்டாளர் யார், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, இதழாசிரியர்கள் எவர் எவர், தாளின் அளவு என்ன, மாத இதழா காலாண்டிதழா என்று வரிசையாகத் தகவல்கள் வரும். பொறுமையுடன் தொடர்ந்தால் இந்த வறண்ட தகவல்களே வரலாறாக மாறத் தொடங்குகின்றன. 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழை 25 சென்ட் விலையில் தொடங்கிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக், லக்சம்பர்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, வானொலிக் கருவிகளை விற்றும் தொழில்நுட்ப இதழ்களை நடத்தியும் வந்தவர். அவரது முதல் இதழில் புதிதாக எழுதப்பட்ட கதை ஒன்றுகூட இல்லை. வெர்ன், வெல்ஸ், எட்கர் ஆலன் போ முதலியோரின் மறுபதிப்புகளே இருந்தன. மூன்றே ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் திவாலாகி, இதழ் அவர் கையைவிட்டுப் போனது. பின்னர் ஆசிரியர் பொறுப்பேற்ற ஓ’கானர் ஸ்லோன் எழுபது வயதைக் கடந்தவர்; விண்வெளிப் பயணக் கதைகளை மாதந்தோறும் வெளியிட்டுக்கொண்டே, மனிதன் வேற்றுக் கோள்களுக்குச் செல்வான் என்பதில் தமக்கு நம்பிக்கையில்லை என்றும் அறிவித்தவர். ‘அமேசிங்’ பற்றிய கட்டுரையிலிருந்து கெர்ன்ஸ்பாக்குக்கும், அங்கிருந்து ஸ்லோனுக்கும், அவரிடமிருந்து ‘பல்ப்’ எனப்பட்ட மலிவுத்தாள் கதை இதழ்களின் பொதுவரலாற்றுக்கும் இணைப்புகள் தொடர்ந்து செல்கின்றன. வாசகர் கடிதங்களை எழுதியவர்களின் முழு முகவரியோடு கெர்ன்ஸ்பாக் அச்சிட்டதால் அவர்கள் ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டனர். அவர்கள் அமைத்த சங்கங்களும் தாங்களே அச்சடித்த சிற்றிதழ்களும் 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் வந்து முடிந்த கதைக்குத் தனிக் கட்டுரைகள் இருக்கின்றன. ரசிகர் இயக்கத்தை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடாமல் வரலாற்றின் ஓர் உறுப்பாகவே நடத்துவது இக்களஞ்சியத்தின் தெளிவான நிலைப்பாடு.

இதழ்களை முன்வைக்கும் இப்பார்வையின் பயனை நூற்பட்டியல்களில் இன்னும் நன்றாகக் காணலாம். ஒவ்வொரு எழுத்தாளர் கட்டுரையின் முடிவிலும் அவருடைய நூல்கள் வெளியான ஊர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றோடு பட்டியலிடப்படுகின்றன. அவற்றில் சிலவற்றின் அருகில் ‘ஃபிக்ஸப்’ என்ற குறிப்பு இருக்கும். இதழ்களில் தனித்தனியாக வந்த கதைகளை ஒட்டியும் வெட்டியும் இடையில் சில பக்கங்களைச் சேர்த்தும் நாவலாக்கப்பட்ட நூல் என்பது அதன் பொருள். எழுத்தாளர் ஏ. இ. வான் வோக்ட் பயன்படுத்திய இந்தச் சொல்லை விமர்சனத்தில் நிலைபெறச் செய்ததில் இக்களஞ்சியத்துக்குப் பெரும் பங்குண்டு. அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ 1951இல் நூலாவதற்கு முன், 1942 மே இதழ் முதல் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க இதழில் தனிக் கதைகளாக வந்தது, நூலின் முதல் பகுதி மட்டுமே நூலுக்கெனப் புதிதாக எழுதப்பட்டது. கிளிஃபோர்ட் சிமாக்கின் ‘சிட்டி’, வால்டர் மில்லரின் ‘எ கேன்டிக்கிள் ஃபார் லீபோவிட்ஸ்’ ஆகியவற்றின் பிறப்பும் இத்தகையதே. இவற்றை நாவல்களாக மட்டும் படித்து, பாத்திரங்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறிவிடுகின்றனவே, தலைமுறைகள் இடையில் தாண்டிச் செல்கின்றனவே என்று குறைப்படுபவர்களுக்கு அந்த ஒற்றைக் குறிப்பு பதில் சொல்லிவிடுகிறது. இருபதாண்டுக்கால நாவல் வடிவத்தை முடிவு செய்ததில் எழுத்தாளரின் கற்பனைக்குச் சமமாக இதழ்களின் பக்க எண்ணிக்கைக்கும், 1940களின் பிற்பகுதியில் நூல் வெளியிடத் தொடங்கிய சிறு பதிப்பகங்களின் தேவைக்கும் பங்கு உண்டு என்பதை இந்தப் பட்டியல்களைப் படித்த பின் மறுக்க இயலாது.

பொருளாதாரக் காரணங்களைச் சுட்டுவதிலும் கட்டுரையாசிரியர்கள் தயங்குவதில்லை. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில் ‘அஸ்டவுண்டிங்’ 1943 நவம்பரில் சிறிய அளவுக்குச் சுருங்கியது. 1950 அக்டோபரில் எச். எல். கோல்டு தொடங்கிய ‘கேலக்ஸி’ சொல்லுக்கு 3 சென்ட் கொடுத்து நல்ல எழுத்தாளர்களைத் தன் பக்கம் இழுத்தது. 1957இல் அமெரிக்கன் நியூஸ் கம்பெனி என்ற மாபெரும் விநியோக நிறுவனம் மூடப்பட்டபோது பல இதழ்கள் நிலைகுலைந்தன. இலக்கிய வரலாறுகள் இத்தகைய செய்திகளைத் தொடுவதே அரிது.

இனி இக்களஞ்சியத்தை ஏனைய பார்வை நூல்களிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புக்கு வருகிறேன். விக்கிப்பீடியா நடுநிலையைக் கொள்கையாக வைத்திருக்கிறது. யார் எழுதியது என்பதை வாசகர் கவனிப்பதுமில்லை. இங்கோ ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் எழுதியவரின் பெயர்ச் சுருக்கம் இருக்கிறது, கட்டுரைக்குள் கருத்தும் இருக்கிறது. ஒரு நாவல் வீணான முயற்சி என்றோ, ஓர் எழுத்தாளர் தம் இளமைக்கால வேகத்தைப் பின்னாளில் இழந்துவிட்டார் என்றோ வெளிப்படையாகச் சொல்வார்கள். 1937இன் இறுதியில் ‘அஸ்டவுண்டிங்’ பொறுப்பேற்று, 1971இல் இறக்கும்வரை அதை நடத்திய ஜான் டபிள்யூ. கேம்ப்பெல்லைப் பற்றிய கட்டுரை இந்த அணுகுமுறைக்கு நல்ல சான்று. அசிமோவ், ஹைன்லைன், வான் வோக்ட் ஆகியோரை வளர்த்த இதழாசிரியராக அவருக்கு உரிய மதிப்பை அது தருகிறது. அதே கையோடு, 1950இல் எல். ரான் ஹப்பார்டின் ‘டயனெட்டிக்ஸ்’ என்ற உளச்சிகிச்சை முறையைத் தம் இதழில் அறிமுகப்படுத்திய அளவுக்குப் போலி அறிவியலில் அவர் காட்டிய ஈடுபாட்டையும் மறைக்காமல் வைக்கிறது. புகழுரைக்கும் வசைக்கும் இடையே இப்படி ஓர் எடைபோடலை எதிர்பார்த்து வருபவர் ஏமாற மாட்டார். அறிவியல் புனைகதைக்கு இலக்கணம் வகுக்க முயன்றவர்களின் வரையறைகளை ஒரே கட்டுரையில் தொகுத்து, ஒன்று மற்றொன்றோடு முரண்படுவதைக் காட்டி, எதையும் முடிவானதாக ஏற்காமல் விட்டிருப்பதும் எனக்குப் பிடித்த பகுதி.

கருப்பொருள் கட்டுரைகளில் நிக்கல்ஸின் குறும்பையும் காணலாம். விண்வெளியில் கண்டெடுக்கப்படும் பிரம்மாண்டமான, புதிரான பொருள்களைப் பற்றிய கதைகளை ‘பிக் டம்ப் ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற கேலியான தலைப்பின்கீழ் அவர் 1993 பதிப்பில் சேர்த்தார். வேடிக்கையாக வைத்த அந்தத் தலைப்பை ஆய்வாளர்கள் இன்று கண்ணியமாகவே கையாள்கிறார்கள்.

குறைகள் சிறியவையல்ல. முதலாவது, மொழி. ஜான் க்ளூட் அகராதியைத் தேட வைக்கும் அரிய சொற்களை விரும்பிப் பயன்படுத்துபவர்; ஒரே வாக்கியத்தில் ஐந்து நாவல்களைத் தொட்டு, மூன்று அடைப்புக்குறிகளைத் திறந்து மூடி, இறுதியில் ஒரு தீர்ப்பையும் சொல்லிவிடுவார். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் லாங்ஃபோர்டின் தெளிவான கட்டுரைகளில் தொடங்கி, பழகிய பின் க்ளூட்டிடம் செல்வது நல்லது. இரண்டாவது, பத்திகளின் நீளம். அச்சுப் பக்கத்துக்காக உருவான செறிவு திரையில் மூச்சு முட்ட வைக்கிறது. உட்தலைப்புகள் இல்லாத நீண்ட கட்டுரைகளைக் கைபேசியில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் இணைப்பு இருப்பதால், தேடி வந்த செய்தியை மறந்து வேறெங்கோ போய் நிற்கும் ஆபத்தும் உண்டு. அதை ஆபத்தென்று எல்லோரும் கருதமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது குறை சற்றுப் பெரியது. இது அடிப்படையில் ஆங்கில மொழி அறிவியல் புனைகதையின் களஞ்சியம். பிற நாடுகளுக்குத் தனிக் கட்டுரைகள் உள்ளன, அவை ஆண்டுதோறும் விரிவடைந்தும் வருகின்றன. எனினும் அமெரிக்காவில் சில இதழ்களோடு நின்றுபோன சிற்றேடுகளுக்குக் கிடைக்கும் நுணுக்கமான கவனம், 1960 முதல் ஜப்பானில் வெளிவரும் ஹயகாவா பதிப்பகத்தின் ‘எஸ்எஃப் மேகசின்’ போன்ற பெரிய இதழ்களைச் சுற்றி வளர்ந்த மரபுகளுக்குக் கிடைப்பதில்லை. 1979இல் தொடங்கிய சீன இதழான ‘கெஹுவான் ஷிஜியே’ 2006இல் தொடராக வெளியிட்ட லியூ சிஷினின் நாவல், ஆங்கில மொழிபெயர்ப்பில் 2015இன் ஹ்யூகோவை வென்ற பிறகு, இந்தச் சமனின்மை முன்னைவிடக் கூடுதலாக உறுத்துகிறது.

இதழின் ஒவ்வொரு எண்ணிலும் எந்தக் கதை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அறிய விரும்புபவர்களுக்கு இது போதாது. அதற்கு 1995இல் தொடங்கி, தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ‘இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ்’ இருக்கிறது. அங்கே கருத்து எதுவுமில்லை, தரவு மட்டுமே. பழைய இதழ்களின் பக்கங்களையே படிக்க விரும்புவோர் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தின் மின்வருடல்களை நாடலாம். ‘கேலக்ஸி’, ‘இஃப்’ ஆகியவற்றின் பெருந்தொகுப்புகள் அங்கே உள்ளன. மூன்றையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் இதழின் ஓராண்டுப் பயணத்தைத் தொடர்வதே இக்களஞ்சியத்தைப் பயன்படுத்த ஏற்ற வழி என்று கருதுகிறேன். தொடங்குவதற்கு 1939ஆம் ஆண்டு ‘அஸ்டவுண்டிங்’ பொருத்தமானது: வான் வோக்ட்டின் முதல் அறிவியல் புனைகதையும் அசிமோவ் அவ்விதழில் எழுதிய முதல் கதையும் அதன் ஜூலை எண்ணில் ஒன்றாக வந்தன, அடுத்த மாதமே ஹைன்லைனின் முதல் கதை வந்தது. ஒரு நாவலின் கதைச்சுருக்கமோ, படிக்கத் தகுந்த பத்து நூல்களின் பட்டியலோ மட்டும் வேண்டுமென்று வருபவர் வேறு தளங்களுக்குச் செல்வதே நேரத்துக்கு நல்லது. நாவல்களின் கதைமுடிவுகளைத் தயங்காமல் முன்கூட்டியே வெளியிட்டுவிடும் பழக்கமும் இக்கட்டுரைகளுக்கு உண்டு.