டர்பனில் அக்கா மகனுக்கு சைக்கிள் வாங்கிய கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை, "மாமா, சைக்கிள் கடைக்குப் போகலாமா?" என்று அவள் மகன் பிடித்துக்கொண்டான். அக்டோபரில் நடக்கும் அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர். (1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான்.) கோவைக்குக் குடிபோன பிறகு நானும் தினம் காலையில் சைக்கிள் மிதிப்பவன். மறுக்க வாய் வரவில்லை. 25,000 ரான்டு வரை என் செலவு என்றேன்.

முதலில் போனது ஒரு வணிக வளாகத்துக் கடை. விற்பனையாளர் பையனை ஏற இறங்கக்கூடப் பார்க்காமல் சுவரில் தொங்கிய ஒன்றை இறக்கினார். ஷிமானோ நிறுவனத்தின் ‘105’ ரக கியர், தள்ளுபடி விலை. பையனின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஃபிரேம் அளவைப் பார்த்தேன்: 58 சென்டிமீட்டர். ஐந்தடி ஏழு அங்குலப் பையனுக்கு 58! "ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினால் சரியாகிவிடும்" என்றார். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டைத்தான் சொன்னார். தொளதொளச் சட்டைக்குக் கையை மடித்துவிடச் சொல்வது போல இருந்தது. தேங்கிப்போன சரக்கை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

இரண்டாவது, பைன்டவுன் பக்கம் ஒரு சின்னக் கடை. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் விலையே பேசவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, பையனைச் சுவரோடு நிறுத்தி, தடித்த புத்தகம் ஒன்றைத் தொடை நடுவே முட்டும்வரை ஏற்றி, தரையிலிருந்து டேப் பிடித்தார். 80 சென்டிமீட்டர். அதை 0.67ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு, ஏறக்குறைய 54. காட்டியது அந்த அளவு அலுமினிய வண்டி: முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க், டிஸ்க் பிரேக், 28 மில்லிமீட்டர் டயர், கியர் அதே ஷிமானோவில் 105க்கு ஒரு படி கீழான டியாக்ரா. பையன் முகம் வாடியது. அவர் பின்சக்கரத்தைச் சுழற்றிப் பெரிய பல்சக்கரத்தைக் காட்டினார். அதில் 34 பல், முன்னால் சின்னதிலும் 34. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, அதனால் மேட்டில் மிதிக்க லேசு. "பந்தய வழியில் வரும் இன்சாங்கா ஏற்றத்தில் இதுதான் உன்னைக் காப்பாற்றும்" என்றார். பிறகு ஸ்டாண்டில் ஏற்றி, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, முழங்கால் நேராகும்வரை சீட்டை உயர்த்தினார். அரை மணி நேரம் அதற்கே போனது.

குறையும் உண்டு. வியாழன் தருவதாகச் சொன்ன வண்டி சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. பெடலுக்குத் தனி விலை. "இவ்வளவு கொடுத்தும் பெடல் இல்லையா?" என்று அக்கா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, இந்த ரக வண்டிகளில் பலவும் அப்படித்தான் வருகின்றன.

பணம் என் அட்டையில் போனாலும், பில்லைப் பையன் பெயரில் போட்டார். ஃபிரேமுக்கான உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்குத்தான் செல்லும். எனக்கே தோன்றாத விஷயம்.

செருப்பை வாசற்படி தாண்ட விடாத அக்கா, திருட்டுப் பயத்தில் சைக்கிளை மட்டும் கூடத்தில் சாமி படத்துக்குக் கீழே நிறுத்தச் சொல்லிவிட்டாள்.