பழைய ஒப்பந்தங்களைக் கொண்டுபோங்கள்

ஆய்வுப் பணியாளர்களுக்காக எங்கள் சங்கம் நடத்தும் ஒப்பந்த ஆலோசனையைப் பற்றி எழுதுகிறேன். முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஒரே ஆய்வகத்தில் நான்கு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவள் நான். முதலில் இரண்டு ஆண்டு, பிறகு ஓராண்டு, ஆறு மாதம், மீண்டும் ஓராண்டு. ஐந்தாவது, மூன்றே மாதத்துக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆலோசகர் பல்கலைக்கழகப் பணியாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மையார். புதிய தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, "பழையவற்றைத் தேதி வாரியாகப் பரப்புங்கள்" என்றார். இரண்டாவது முடிந்த நாளுக்கும் மூன்றாவது தொடங்கிய நாளுக்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டார். 19 நாள். "இந்த 19 நாளும் ஆய்வகத்தில் நீங்கள் வளர்க்கும் செல்களுக்கு ஊட்டக் கரைசலை யார் மாற்றியது?" என்று கேட்டார்.

நான்தான். ஒப்பந்தமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் போகாமல் இருந்திருந்தால் எட்டு மாத வளர்ப்பு செத்துப்போயிருக்கும். இத்தனை ஆண்டில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அவர். ஆய்வகப் பதிவேட்டில் அந்த நாட்களுக்கு எதிரே என் கையெழுத்து இருப்பதைச் சொன்னேன். நகல் எடுத்துவைக்கச் சொன்னார்.

அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் நான்கு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர், நிர்வாகம் தக்க காரணம் காட்டாவிட்டால் நிரந்தரப் பணியாளர் ஆகிறார். "தொடர்ந்து" என்ற அந்த ஒரு சொல்லில்தான் வழக்கே நிற்கிறது. ஜெர்மனியில் 2007 முதல் கல்வித் துறைக்கென்றே தனிச் சட்டம்; தற்காலிக ஒப்பந்தத்தில் பொதுவாக வைத்திருக்கக்கூடிய உச்சவரம்பு, முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு, மருத்துவத்தில் பின் ஒன்பது. ஜப்பானில் மற்ற தொழிலாளர்கள் ஐந்து ஆண்டு கடந்ததும் நிரந்தரப் பணி கோரலாம். ஆய்வாளர்களுக்கு அது பத்து ஆண்டு. எந்த ஊர்ச் சட்டமானாலும் காலத்தை எங்கிருந்து எண்ணுகிறது, எது அதை அறுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

பிறகுதான் ஐந்தாவது தாள். "திட்ட நிதி உள்ளவரை" என்ற வரியின் கீழ் கோடிட்டார். கடைசித் தேதி என்று அச்சிட்டிருப்பதற்கு முன்பே என்னை அனுப்ப அந்த வரி போதுமாம். மகப்பேறு விடுப்பு எடுத்தால் அந்தக் காலம் பின்னால் சேர்க்கப்படுமா என்பது பற்றித் தாளில் ஒரு சொல்கூட இல்லை. கையெழுத்திடும் முன் இரண்டையும் கேட்டும், மூன்று மாதத்துக்கான காரணத்தை எழுத்தில் தரக் கோரியும் ஒரு கடிதம் எழுதவைத்தார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: ஒப்பந்தம் ஓராண்டு. நிதி பற்றிய வரி அப்படியே இருக்கிறது.

இந்தச் சேவையில் இரண்டு குறைகள். எனக்கு நேரம் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. கையெழுத்துக்கு ஒரு வாரமே அவகாசம் கிடைப்பவர்கள் என்ன செய்வார்கள்? தொலைபேசியிலாவது அவசர ஆலோசனை வேண்டும். இன்னொன்று, நான் வெளியேறினால் நான் உருவாக்கிய செல் வரிசைகளையும் (தொடர்ந்து வளர்த்துவரும் செல் தொகுதிகள்) தரவுகளையும் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. எங்கள் அடுத்த வேலையே அதை நம்பித்தான் இருக்கிறது. அறிவுசார் சொத்துரிமை தெரிந்த ஒருவரைச் சங்கம் உடனே சேர்க்க வேண்டும்.

போகிறவர்கள் எல்லா ஒப்பந்தங்களையும், சம்பளச் சீட்டுகளையும், இடைவெளி நாட்களில் வேலை செய்ததற்கான மின்னஞ்சலோ பதிவேட்டு நகலோ இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். எனக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடத்தில் பாதி, அவற்றை வரிசைப்படுத்தவே போயிற்று.