சிறுவர் இதழா, யூடியூப் சேனலா: மட்டக்களப்பில் தொடங்குவோருக்கு

இதழின் நல்ல குணம், செலவு முன்கூட்டியே தெரிவது. ஓர் ஏ2 தாளை இருபுறமும் அச்சிட்டு மடித்தால் ஏ5 அளவில் 16 பக்கம். நான்கு வண்ணமென்றால் புறத்துக்கு 4 அச்சுத் தகடாக மொத்தம் 8. பிரதி 300 ஆனாலும் 3,000 ஆனாலும் தகட்டுக் காசு மாறாது. சிறிய பதிப்பில்தான் ஒரு பிரதியின் விலை கையைக் கடிக்கும். தாளும் இறக்குமதிச் சரக்கு. 2022 டொலர் நெருக்கடியில் கொழும்பு நாளிதழ்களே திணறின. இன்னொன்று: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை யூனிகோடாக மாற்றும்போது ஒகர, ஓகார எழுத்துகள் உடையும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். மெய்ப்பு பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள்.

சேனலுக்குத் தாள் வேண்டாம். ஆனால் அசைபடத்துக்குச் செக்கனுக்கு 12 படமென்றால் 5 நிமிடக் கதைக்கு 3,600 படம். வருமானமோ மெலிவு. 2020 ஜனவரி முதல், சிறுவருக்கானது எனக் குறித்த காணொளிகளில் பார்ப்பவருக்கேற்ற விளம்பரம் வராது, கருத்துப் பகுதியும் இல்லை. குறிக்காமல் விடுவது விதிமீறல். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் போன் அப்பாவோடு வயலுக்குப் போகிற வீடுகளும் உண்டு.

எங்கள் தெரிவு இதழ்தான், சந்தா முன்பணமாக வந்தால் மட்டும். பாடசாலை நூலகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஆளுக்கு 50 பிரதிக்கு அச்சுக்கு முன்பே பணம் கட்டட்டும். வெறும் பாராட்டுக் கடிதம் அச்சகத்தில் செல்லாது. ஓவியருக்குப் பக்கக் கணக்கில் கூலி கொடுங்கள். அதே கதையை நம் ஊர்ப் பேச்சில் ஒலிப்பதிவு செய்யலாம்: 64 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் 5 நிமிடம் 2.4 எம்பிதான், வட்ஸ்அப்பில் சுலபமாகப் போகும்.