அறிக்கைக்கு மூன்று நட்சத்திரம், கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஐந்து

ஏழு வயது மகளுக்குத் திறன் மதிப்பீடு செய்த உளவியல் ஆலோசனை மையம் ஒன்றைப் பற்றி இது. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

அங்கே போனதே, டீச்சரிடம் மூக்குடைபட்ட பிறகுதான். "என் பொண்ணுக்கு உங்க கிளாஸ் போரடிக்குதாம் மிஸ்" என்று ஆரம்பித்துத் தொலைத்தேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "அவ கணக்கையே முடிக்கறதில்லையே, எழுத்தும் ரொம்ப மெதுவு" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். கூட்டல் கணக்குகள் பாதியில் நின்றிருந்தன. ஓரமெல்லாம் நத்தைப் படம். அந்த வாரம்தான் வீட்டில் 25-ஐ 16-ஆல் பெருக்கச் சொன்னேன். "நாலு இருபத்தஞ்சு நூறு, அது மாதிரி நாலு" என்று செருப்பு மாட்டிக்கொண்டே 400 சொன்னாள். இதைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறேன் என்று நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மையத்தில் கொடுத்தது குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் அறிவுத்திறன் (ஐ.க்யூ.) தேர்வின் 5-ஆம் பதிப்பு. மகளை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். அறிக்கைதான் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்து வந்தது, 14 பக்கம். '98-வது பர்சன்டைல்' என்பதை என் கணவர் நூற்றுக்கு 98 மார்க் என்றே நினைத்துக்கொண்டார். அதே வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 98 சதவீதம் பேருக்கு மேலே என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் துலங்கியது: புதுப் புதிரை யோசித்துப் பிடிக்கும் திறன் 132, பென்சிலோடு செய்யும் செயல்வேகம் 94. சராசரி 100. டீச்சர் சொன்ன 'மெதுவு'ம் பொய்யில்லை, நான் பார்த்ததும் பொய்யில்லை.

கொடுத்த காசுக்கு மதிப்பு கடைசி அமர்வில்தான். ஆலோசகர் தானே டீச்சராக உட்கார்ந்து என்னைப் பேசவைத்தார். நான் 'போர்' என்றதும் மேசையைத் தட்டினார். 'ஜீனியஸ்' என்றபோது இரண்டு தட்டு. 14 பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஒரு பக்கச் சுருக்கமும் அவளாகவே போட்ட மூன்று கணக்குத் தாள்களும் போதும் என்றார். முதலில் டீச்சர் என்ன பார்க்கிறார் என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். டபுள் ப்ரமோஷன் பேச்சே வேண்டாம். பாடத்தின் மிகக் கடினமான ஐந்து கணக்கை முதலில் கொடுக்கட்டும், நாலு சரியென்றால் மிச்சத்தை விட்டுவிடலாம், அந்த நேரத்துக்கு வேறு புதிர். அதே மாதிரிக் கணக்கு இன்னும் இருபது என்றால் அது தண்டனை.

அப்படியே செய்தேன். "வகுப்புல நீங்க என்ன பாக்கறீங்க மிஸ்?" என்றதும் டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "வாய்க்கணக்குல முதல்ல கை தூக்குவா. மத்த பிள்ளைங்க சொல்லட்டும்னு நான்தான் அவளைக் கேக்கறதில்லை" என்றார். சுருக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த மூன்று தாள்களைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வாரம் முயன்று பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். முதல் வாரம் ஐந்தில் மூன்றுதான் சரி. முணுமுணுத்துக்கொண்டே முழுப் பயிற்சியையும் போட்டாள். அடுத்த வாரம் ஐந்தும் சரி.

அந்தக் கடைசி அமர்வு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பிறகு விசாரித்தேன். தேர்வு எழுதாவிட்டாலும் தருவார்களாம். அதை வாசலில் எழுதி வைத்தால் என்னவாம்?