ஆந்த்ராக்ஸ்: சிப்பாய்க்கு ஊசியா, மாத்திரையா?

நம்மூரில் மாடு வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்லும் நோய்தான் ஆந்த்ராக்ஸ். மாட்டுக்கான தடுப்பூசி ராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. மனிதனுக்குத்தான் சிக்கல். எதிரி இந்த நோய்க் கிருமியின் வித்துகளை, அதாவது உறைக்குள் தூங்கும் கிருமிகளை, காற்றில் தூவினால் சிப்பாயை எப்படிக் காப்பது? அமெரிக்க ராணுவத்திடம் இருப்பவை முக்கியமாக இரண்டு வழிகள்: முன்கூட்டியே தடுப்பூசி, இல்லாவிட்டால் வித்தைச் சுவாசித்தபின் ஆன்டிபயாடிக்.

ஊசிக்கு 1970லேயே உரிமம் கிடைத்துவிட்டது. 1991 வளைகுடாப் போரில் சுமார் 1,50,000 பேருக்குப் போட்டார்கள். 1998ல் 24 லட்சம் படையினருக்கும் கட்டாயம் என்றார்கள். அன்றைய கணக்கு 18 மாதத்தில் 6 ஊசி, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. தோலுக்கு அடியில் போட்டதால் கை சிவந்து வீங்கியது, தொட்டால் உள்ளே கட்டி உருண்டது. நூற்றுக்கணக்கானோர் மறுத்தார்கள், பதவி இறக்கம், வேலை இழப்பு என்று தண்டனையும் வாங்கினார்கள்.

அவர்கள் கேட்டது வெறும் வீக்கத்தைப் பற்றியல்ல. இந்த வகை ஊசி 1950களில் ஆட்டு ரோம ஆலைத் தொழிலாளர்களிடம் சோதிக்கப்பட்டது. அங்கே வந்த நோய் பெரும்பாலும் தோல் ஆந்த்ராக்ஸ். மூச்சுவழி நோய் ஐந்தே பேருக்கு. அதை வைத்துப் போர்க்களத்துக்கு எப்படி உத்தரவாதம் கொடுக்கிறீர்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. 2004ல் நீதிமன்றம் கட்டாயத்தை நிறுத்தியது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005ல் முறைப்படி ஒப்புதல் தர, அடுத்த வருஷக் கடைசியில் முக்கியமாக ஆபத்துப் பகுதிகளுக்குப் போகிறவர்களுக்கு மறுபடி கட்டாயம் என்று அறிவித்தார்கள். 2008ல் ஊசி தசைக்கு மாறியதும் வீக்கம் குறைந்தது.

மாத்திரைக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசினோ டாக்ஸிசைக்ளினோ ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக், தினம் இரண்டு வேளை, 60 நாள். வினை எல்லாம் அந்த '60 நாள்' என்பதில் இருக்கிறது. ஆன்டிபயாடிக் முளைத்த கிருமியைத்தான் கொல்லும். நுரையீரலில் தூங்கும் வித்தை ஒன்றும் செய்யாது. 1979ல் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து வித்து கசிந்தபோது ஆறு வாரம் கழித்தும் ஆட்கள் நோயில் படுத்தார்கள். அதனால்தான் இத்தனை நாள்.

டாக்ஸிசைக்ளினை விழுங்கிப் பாருங்கள். நிறையத் தண்ணீர் குடிக்காமல் உடனே சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி எரியும். வெயிலில் தோல் கன்றும். பாலைவனத்தில் பதுங்குகுழிக்குள் படுக்கிறவனுக்கு இது லேசான விஷயமா? 2001ல் அமெரிக்காவில் கடிதத்தில் வித்து வந்து 22 பேர் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்தபோது, சுமார் 10,000 பேருக்கு 60 நாள் மருந்து சொன்னார்கள். ஒழுங்காக முடித்தவர்கள் 44 சதவீதம்தான். பேப்பரில் தினம் சாவுச் செய்தி வந்துகொண்டிருந்த நேரத்திலேயே இந்த லட்சணம்!

அப்படியானால் ஊசிதான் ஜெயித்ததா? 1993ல் வெளியான குரங்கு ஆய்வு அப்படிச் சொல்லவிடாது. வித்தைச் சுவாசித்தபின் ஊசி மட்டும் போட்ட 10 குரங்கில் 8 செத்தன. 30 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்த 10ல் ஒன்றுதான் செத்தது. ஊசியும் டாக்ஸிசைக்ளினும் சேர்த்துக் கொடுத்தவை ஒன்றுகூடச் சாகவில்லை. தாமதமான ஊசி தனியாக எதற்கும் உதவாது. மாத்திரை நேரம் வாங்கித் தருகிறது, அந்த நேரத்தில் ஊசி வேலை செய்கிறது. 2023ல் ஒப்புதல் பெற்ற புதிய ஊசியும் இந்தக் கணக்கில்தான்: மாத்திரையோடு சேர்த்து, இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை.

என்னைக் கேட்டால், ஆபத்துப் பகுதிக்குப் போகிறவனுக்கு ஊசி முதலில். காற்றில் வித்து வந்ததை வாசனையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. மாத்திரையை எப்போது ஆரம்பிப்பது என்று அவனுக்கு யார் சொல்வது? ஊரில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கணக்கருக்கு மாத்திரைக் கையிருப்பே போதும். 1998ல் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான் கோளாறு.